தேஞ்ஞிப்பலம் 8.36, 8.37: அன்றைக்கு உண்மையில் ஜெயித்தது யார்? உலகப் போட்டியில் அதே தாண்டல் ஏன் வரவில்லை?

வேலந்தாவளம் பி.டி.
வெள்ளி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். 2022 ஏப்ரலில் தேஞ்ஞிப்பலம் காலிகட் பல்கலைக்கழக மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைத் தடகளத்தின் நீளம் தாண்டுதலைப் பற்றி எங்கள் பையன்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. நம்ம பாலக்காட்டு ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டினார். அது தேசிய சாதனை. ஆனால் தங்கம் அவருக்கு இல்லை. தூத்துக்குடி மாவட்டம் முதலூர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 தாண்டி முதலிடம் வாங்கினார். அந்தத் தாண்டலுக்குப் பின்காற்று விநாடிக்கு 4.1 மீட்டர். அனுமதி 2.0 வரைதான். அதனால் சாதனைக் கணக்கில் சேராது, பதக்கக் கணக்கில் சேரும்.

சித்தூர் தாலுகாவில் நாம் பேசுவது தமிழ், ஓட்டுப் போடுவது கேரளாவில். ஸ்ரீசங்கர் பக்கத்து ஊர்ப் பிள்ளை, ஜெஸ்வின் நம் மொழிக்காரர். எனக்கு இரண்டு பேருமே வேண்டும். நான் கேட்பது வேறு.

அதே ஆண்டு ஜூலையில் யூஜின் உலகப் போட்டியில் சீனாவின் வாங் ஜியானன் தங்கம் வென்ற தூரம் என்ன தெரியுமா? 8.36. நம்ம ஆள் மூன்று மாதத்துக்கு முன்னால் தாண்டிய அதே தூரம். டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் 8.41. 2025 டோக்கியோ உலகப் போட்டியில் இத்தாலியின் ஃபுர்லானி வாங்கிய தங்கம் 8.39. ஜெஸ்வின் 2023 மார்ச்சில் பெல்லாரி பக்கம் விஜயநகரில் தாண்டியது 8.42. அப்படியென்றால் தூரம் நம் பிள்ளைகளின் காலில் இருக்கிறது. உலகப் போட்டி நாளில், அந்த மைதானத்தில் வரவில்லை. ஏன்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலூர் உறவு
வெள்ளி, இரவு 9.40

பி.டி. சார், முதலில் ஒன்று. "காற்று தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது" என்று ஜெஸ்வினைப் பற்றி இங்கே கொல்லங்கோட்டில் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கேட்க மனசு வலிக்கும். அடுத்த ஆண்டே 8.42 தாண்டி அதே தேசிய சாதனையைக் கைப்பற்றினார் இல்லையா? அது காற்று விதிக்குள் நின்ற தாண்டல். அதற்கப்புறமும் காற்றுப் பேச்சு எதற்கு?

கணவாய்க்காற்று
வெள்ளி, இரவு 10.25

நான் கல்லூரிக் காலத்தில் தாண்டியவன். இப்போது கஞ்சிக்கோட்டில் வேலை. காற்றாலை சுற்றுவதைத் தினம் பார்க்கிற ஆள் என்பதால் காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

பின்காற்று அடித்தால் தூரம் தானாக வரும் என்பது பாதி உண்மைதான். 1991 டோக்கியோ உலகப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல் லூயிஸ் 8.91 தாண்டினார், காற்று 2.9. அடுத்த சுற்றில் மைக் பவல் 8.95 தாண்டினார், காற்று வெறும் 0.3. பெரிய காற்றில் தாண்டியவர் தோற்றார், ஏறக்குறையக் காற்றே இல்லாமல் தாண்டியவர் உலக சாதனை படைத்தார். அந்த 8.95 இன்றும் நிற்கிறது. லூயிஸ் அதே நாளில் விதிக்குள் 8.87, 8.84 என்றும் தாண்டினார். அப்படி ஒரு நாள் இந்த விளையாட்டில் திரும்ப வரவில்லை என்பது என் கருத்து.

காற்று வேகத்தைக் கூட்டும், சரி. ஆனால் வேகம் கூடினால் எட்டு, அதாவது ஓடும்போது வைக்கிற காலடி, நீளும். எட்டு நீண்டால், மிதித்து எழும்புகிற பலகையில் கால் சரியாக விழாது. பாலக்காட்டுக் கணவாயில் வளர்ந்த எந்தத் தாண்டுகாரனுக்கும் இது தெரியும். கார்த்திகையில் விருச்சிகக் காற்று கிளம்பினால் கிழக்கிலிருந்து மேற்கே ஒரே தள்ளாகத் தள்ளும். மார்கழியில் திருவாதிரைக் காற்று. மழைக்காலத்தில் அப்படியே திசை மாறி மேற்கிலிருந்து அடிக்கும். ஓட்டம் தொடங்குகிற இடத்துக்கு ஜூனில் எதிர்காற்றில் பழகிய அதே குறியை வைத்துக்கொண்டு டிசம்பரில் ஓடினால் கால் கோட்டைத் தாண்டி அரையடி வெளியே நிற்கும். பையன் "கால் போச்சு சார்" என்பான். கால் எங்கேயும் போகவில்லை, குறி தப்பிவிட்டது.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு கைப்பிடி புல்லைப் பிய்த்து மேலே விட்டுப் பார்ப்போம். பின்காற்று பலமாக இருந்தால் ஆரம்பக் குறியிலிருந்து பாதம் வைத்து, குதிகாலோடு விரல் ஒட்ட ஒரு பாதமோ ஒன்றரைப் பாதமோ பின்னால் தள்ளிக்கொள்வோம். எதிர்காற்று என்றால் முன்னால் வருவோம்.

எனவே முதலூர்க்காரர் சொல்வது நியாயம். 4.1 காற்றில் பலகையைப் பிடித்து 8.37 தாண்டுவது சும்மா வராது. ஸ்ரீசங்கரின் 8.36-க்குக் காற்று 1.5. அதன் மதிப்பு வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடாமல் இருந்தால் சண்டையே இல்லை.

நகரி நடுவர்
சனி, காலை 6.50

ஆந்திரா பக்கத்திலிருந்து வணக்கம். எங்கள் நகரி, புத்தூர் பக்கமும் தமிழ் வீடுகள்தான், தெலுங்குப் பள்ளி மைதானங்கள்தான். மாவட்டப் போட்டிகளில் குழிப் பக்கம் நடுவராக நிற்பவன். அளவு பற்றி இரண்டு விஷயம் சொல்கிறேன், பலருக்குத் தெரிவதில்லை.

காற்றுமானியைப் பலகைக் கோட்டிலிருந்து 20 மீட்டர் பின்னால் வைப்போம். ஓடுபாதையிலிருந்து 2 மீட்டருக்குள், தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரத்தில். ஓடுகிறவர் பலகைக்கு 40 மீட்டர் முன்னால் உள்ள குறியைக் கடக்கும்போது தொடங்கி 5 விநாடி அளக்கும். மும்முறை தாண்டுதலுக்கு 35 மீட்டர் குறி. அதைவிடக் கிட்ட இருந்து ஓடுகிறவர்களுக்கு ஓட்டம் தொடங்கிய நொடியிலிருந்தே அளக்கும். அந்த 5 விநாடிச் சராசரிதான் அறிவிப்புப் பலகையில் காட்டும் எண். குழிக்கு மேலே அந்தரத்தில் இருக்கும்போது அடிக்கிற காற்றைத் தனியாக யாரும் அளப்பதில்லை. அடுத்தவர் ஓடும்போது காற்று விழுந்துவிடலாம். ஒரே போட்டியில் ஒருவருக்கு 4.1, இன்னொருவருக்கு 1.5 வந்தது இப்படித்தான். இதில் யார் மேலும் குற்றமில்லை.

இரண்டாவது, தூரத்தைக் கீழ்ப்பக்கம்தான் எழுதுவோம். 8 மீட்டர் 36.9 சென்டிமீட்டர் வந்தாலும் தாளில் 8.36. காற்றை மேல்பக்கம் எழுதுவோம். 2.01 வந்தால் 2.1, சாதனை போச்சு. ஆகவே 8.36-க்கும் 8.37-க்கும் நடுவில் மண்ணில் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டராகவும் இருக்கலாம், இரண்டு சென்டிமீட்டரை நெருங்கியும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று பேசுவது அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம்.

மேட்டு எஸ்டேட்
சனி, காலை 8.15

மூணாரிலிருந்து. பாப் பீமனை யாருமே சொல்லவில்லையே? 1968 மெக்சிகோ நகரம், 8.90. அதற்கு முந்தைய உலக சாதனை 8.35. ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர். காற்று சரியாக 2.0, ஊர் இருப்பது 2,200 மீட்டருக்கு மேல். காற்றடர்த்தி குறைவு. ஆனால் அதே உயரத்தில், அதே போட்டியில் தாண்டிய மற்றவர்கள் யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. இடம் உதவும், தாண்டுவது ஆள்தான்.

வேலந்தாவளம் பி.டி.
சனி, காலை 11.05

நடுவர் சார், மிக்க நன்றி. இதை அப்படியே பையன்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். சரி, என் இரண்டாவது கேள்விக்கு வருவோம். உலகப் போட்டியில் ஏன்?

கணவாய்க்காற்று
சனி, மதியம் 1.30

பி.டி. சார், இதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பதில்தான், அதில் உறுதியாக இருக்கிறேன். தாண்டலில் குறை இல்லை. ஓட்டத்தில்தான்.

யூஜின் இறுதிப் போட்டியில் ஸ்ரீசங்கரின் ஆறு முயற்சிகளைப் பாருங்கள். முதலில் 7.96. அப்புறம் இரண்டு ஃபவுல், கால் கோட்டைத் தாண்டிவிட்டது. நான்காவது 7.89. ஐந்தாவது மறுபடி ஃபவுல். கடைசி 7.83. ஏழாம் இடம். உலகப் போட்டியில் ஆண்கள் நீளம் தாண்டுதல் இறுதிக்குப் போன முதல் இந்தியர் அவர், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஆறில் மூன்று கோட்டில் போயிற்று. அடுத்த ஆண்டு புடாபெஸ்டில் ஜெஸ்வின் தகுதிச் சுற்றின் முதல் முயற்சியிலேயே 8.00 தாண்டி, பன்னிரண்டாவது ஆளாக உள்ளே போனார். இறுதியில் இரண்டு ஃபவுல், மூன்றாவது 7.77. பதினோராம் இடம். ஸ்ரீசங்கர் தகுதிச் சுற்றில் 7.74-இல் நின்றார்.

ஃபவுல் ஆனதும் மனசுக்குள் நடப்பதை அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன். அடுத்த முறை கடைசி நான்கு எட்டில் கால் தானாகச் சுருங்கும். பலகையைக் கண் தேடும். அங்கேயே வேகம் செத்துவிடும். கோட்டுக்குள் கால் விழும், ஆனால் தூரம் 7.70, 7.80. கடைசிக்கு முந்தைய எட்டு கொஞ்சம் நீளமாக விழுந்து இடுப்பு தாழ வேண்டும், கடைசி எட்டு குறுகி டப்பென்று எழும்ப வேண்டும். காலை எட்டிப் போட்டுப் பலகையைத் தேடுகிறவனுக்கு இந்த இரண்டும் தலைகீழாகிவிடும். பலகையில் கால் படும் நேரம் விநாடியில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் எதையும் சரிசெய்ய முடியாது.

தகுதிச் சுற்றில் மூன்றே முயற்சி. புது ஓடுபாதை, அதன் துள்ளல் வேறு. உள்ளூரில் ஆறு முயற்சியில் குறியைச் சரிசெய்து ஐந்தாவதில் பெரிதாகத் தாண்டலாம். அங்கே மூன்றாவது முடியும்போது பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

முதலூர் உறவு
சனி, மதியம் 2.10

வெளிநாட்டில் தாண்டவே மாட்டார்கள் என்பதுபோல் ஆகிவிடக் கூடாது அண்ணா. 2023 ஜூலையில் பேங்காக் ஆசியப் போட்டியில் ஸ்ரீசங்கர் கடைசி முயற்சியில் 8.37 தாண்டி வெள்ளி வாங்கினார், பாரிஸ் ஒலிம்பிக் தகுதியும் அதிலேயே கிடைத்தது. தைவானின் லின் யூ-டாங் 8.40. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 8.19, மறுபடி வெள்ளி. வாங் ஜியானனுக்கு 8.22. மூன்று சென்டிமீட்டர்.

பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற பஹாமாஸ் ஆளும் 8.08, ஸ்ரீசங்கரும் 8.08. அவருடைய இரண்டாவது சிறந்த தாண்டல் 7.98, நம்மவருடையது 7.84. அதில் தங்கம் போனது.

கணவாய்க்காற்று
சனி, மதியம் 2.35

அதையேதான் தம்பி நானும் சொல்கிறேன். பர்மிங்ஹாமில் தோற்றது அந்த இரண்டாவது தாண்டலில். ஒரு பெரிய தாண்டல் யாருக்கும் வந்துவிடும். இரண்டாவதும் பக்கத்திலேயே வர வேண்டுமென்றால் ஓட்டம் ஆறு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் கிரீஸின் டென்டோக்லூவும் கியூபாவின் எச்செவரியாவும் ஆளுக்கு 8.41. இரண்டாவது தாண்டல் 8.15-க்கு 8.09. தங்கம் டென்டோக்லூவுக்கு. அதே ஆள் புடாபெஸ்டில் ஆறாவது முயற்சியில் 8.52 தாண்டி ஜமைக்காவின் பின்னாக்கை இரண்டு சென்டிமீட்டரில் முந்தினார். வாங்கின் யூஜின் 8.36-உம் கடைசி முயற்சிதான். கடைசி ஓட்டத்தில், களைத்த காலோடு, பலகை சரியாகக் கிடைக்கிறது. இது பழக்கத்தில் வருவது.

நகரி நடுவர்
சனி, மாலை 5.20

ஃபவுல் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். 2021 நவம்பரிலிருந்து விதி இறுகிவிட்டது. முன்பு பலகையை ஒட்டிய களிமண் பட்டையில் தடம் விழுந்ததா என்று பார்ப்போம், அது 45 டிகிரி சாய்வாக இருக்கும், மேலாகப் போகும் விரல் நுனி தப்பிக்கும். இப்போது கோட்டுக்கு நேர் மேலே ஒரு சுவர் நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். காலணி நுனி அந்தச் சுவரைக் கடந்தாலே சிவப்புக் கொடி. பழைய பழக்கத்தில் வளர்ந்த தாண்டுகாரர்கள் எல்லா நாட்டிலும் இதில் அடி வாங்கினார்கள்.

இதற்கு மாற்றாகத்தான் 2024 தொடக்கத்தில் உலக தடகள அமைப்பு பலகைக்குப் பதில் ஒரு பகுதியை வைத்து, கால் எங்கே பட்டதோ அங்கிருந்து அளக்கும் முறையைச் சோதிப்பதாக அறிவித்தது. புடாபெஸ்டில் மூன்றில் ஒரு தாண்டல் ஃபவுல் என்று காரணம் சொன்னார்கள். அப்படி வந்தால் நீளம் தாண்டுதலையே விட்டுவிட்டு மும்முறை தாண்டுதலுக்குப் போய்விடுவேன் என்று டென்டோக்லூ சொன்னார். பார்வையற்றோர் பிரிவில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுண்ணப்பொடி தூவிய பகுதியிலிருந்து அளக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே அது தேவை, சரியானது. மற்றவர்களுக்கு வேண்டுமா?

மேட்டு எஸ்டேட்
சனி, மாலை 6.00

வேண்டும் என்கிறேன். கோட்டில் கால் பட்டுப் போன 8.50 யாருக்கு லாபம்? பார்க்க வந்தவனுக்கும் இல்லை, தாண்டியவனுக்கும் இல்லை. கோட்டுக்கு 15 சென்டிமீட்டர் பின்னாலிருந்து எழும்பி 8.30 வாங்குகிறவன் உண்மையில் தாண்டியது 8.45. அதைக் கணக்கில் எடுக்காதது என்ன நியாயம்?

கணவாய்க்காற்று
சனி, மாலை 6.45

வேண்டாம் என்கிறேன் நண்பரே. முழு வேகத்தில் நாற்பது மீட்டருக்கு மேல் ஓடிவந்து 20 சென்டிமீட்டர் அகலப் பலகையில் கால் வைப்பதுதான் இந்த விளையாட்டின் வித்தை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வேகமும் கால் பலமும். நம்ம ஊர்ப் பையனிடம் உடம்பு பெரிதாக இருக்காது. அவன் உழைத்துச் சம்பாதிக்கக்கூடிய ஒரே சொத்து அந்தத் துல்லியம். 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் டி.சி. யோகன்னான் 8.07 தாண்டித் தங்கம் வாங்கினார். அந்த இந்தியச் சாதனை முறிய முப்பது ஆண்டு ஆயிற்று. அந்த முப்பது ஆண்டும் நம் நாட்டில் வேகமான பையன்கள் இல்லாமலா போனார்கள்?

சித்தூர் அம்மா
சனி, இரவு 8.30

இங்கே எழுதலாமா என்று தயங்கித் தயங்கி எழுதுகிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு, சப்-ஜில்லா போட்டியில் நீளம் தாண்டுகிறான். ஸ்ரீசங்கருக்கு 2024 ஏப்ரலில் பயிற்சியில் முழங்கால் போய் பாரிஸ் ஒலிம்பிக்கே இல்லாமல் போனதைப் படித்ததிலிருந்து எனக்குப் பயம். அவன் தினமும் பள்ளி விட்டதும் இருட்டும்வரை குழியில் தாண்டுகிறான். ராத்திரி முழங்காலுக்குக் கீழே வலி என்கிறான். பெரிய தாண்டல் வர வேண்டும் என்றால் தாண்டிக்கொண்டே இருக்கத்தானே வேண்டும் என்கிறான். நான் என்ன சொல்வது?

கணவாய்க்காற்று
சனி, இரவு 9.05

அக்கா, நல்லவேளை எழுதினீர்கள். முதலில் வலிக்கு எலும்பு டாக்டரிடமோ விளையாட்டுக் காயம் பார்க்கிற டாக்டரிடமோ காட்டுங்கள். வளர்கிற வயதில் முழங்காலுக்குக் கீழ் எலும்பு முட்டில் வலி வருவது இந்த விளையாட்டில் சகஜம், ஆனால் சகஜம் என்று விட்டுவிடக் கூடாது. அதுவரை குழிக்குப் போக வேண்டாம்.

அப்புறம், தினமும் முழு ஓட்டத்தில் தாண்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை பலகையை மிதிக்கும்போதும் அந்த ஒரு கால் உடல் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்குகிறது. உலக அளவில் தாண்டுகிறவர்கள்கூடப் பயிற்சியில் முழுத் தாண்டல் குறைவாகத்தான் தாண்டுவார்கள். ஆறு காலடி, எட்டுக் காலடி என்று குறுகிய ஓட்டத்தில் பழகுவார்கள். முழு ஓட்டத்தைத் தாண்டாமல், வெறும் ஓட்டமாக ஓடிப் பார்ப்பார்கள். உங்கள் மகன் செய்ய வேண்டியதும் அதுதான்.

வேலந்தாவளம் பி.டி.
சனி, இரவு 9.40

அம்மா, கவலைப்படாதீர்கள். டாக்டர் சரி என்று சொன்னதும் பையனை எங்கள் மைதானத்துக்கு அனுப்புங்கள், சித்தூரிலிருந்து பஸ் இருக்கிறது.

கணவாய்க்காற்று சொன்னதை வைத்து இந்த வருஷம் என் பயிற்சி முறையை மாற்றப்போகிறேன். குழியை மூடிவிட்டு, ஓடுபாதையில் மட்டும் வேலை. பலகைக்கு நான்கு எட்டு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு. பையன் ஓடும்போது நான் பக்கவாட்டில் உட்கார்ந்து அந்தக் கோட்டில் அவன் கால் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்ப்பேன். பலகையை நான் பார்க்க மாட்டேன், அவனும் பார்க்கக் கூடாது. அங்கே ஒரு சாண் தப்பினால் பலகையிலும் தப்பும். காற்றின் திசையையும் தினமும் நோட்டில் எழுதச் சொல்லப்போகிறேன். கணவாய்க் காற்றில் குறியை மாற்றிப் பழகிய பையனுக்கு வேறு எந்த ஊர்க் காற்றும் புதுசாக இருக்காது.

நடுவர் சார், பழைய காற்றுமானி ஏதாவது விலைக்குக் கிடைக்குமா?

நகரி நடுவர்
ஞாயிறு, காலை 7.10

பழையது வாங்காதீர்கள் சார், அளவு தப்பும், பையன்களுக்குத் தப்பான நம்பிக்கை வரும். பயிற்சிக்குக் கையில் பிடிக்கிற சின்ன அனிமாமீட்டர் போதும். அதை ஒரு கம்பில் கட்டி 1.22 மீட்டர் உயரத்தில், பலகைக்கு 20 மீட்டர் பின்னால் நட்டுவிடுங்கள். ஓடுபாதைக்கு நேர்கோட்டில் திருப்பி வையுங்கள், குறுக்கே அடிக்கிற காற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு எண்கள்: காற்று எவ்வளவு, நான்காவது எட்டு கோட்டிலிருந்து எத்தனை விரல் தள்ளி விழுந்தது. ஒரு மாதம் எழுதி அனுப்புங்கள், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.